தடை செய்த ஆட்டத்தைப் பிள்ளைகள் கற்கிறார்கள்

(தொழிலாளர் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் மணி அடித்துவிடுகிறது. ஆனால் மில்லில் ஷிப்டு முடிவதில்லை. வயலில் களையெடுப்பு முடிவதில்லை. இடையிலே உள்ள அந்த இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? யார் பார்த்துக்கொள்வார்கள்? இது உழைக்கும் குடும்பத்தின் கேள்வி. பங்களாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அங்கே ஆயா இருக்கிறாள். பாட்டு வாத்தியார் வீடு தேடி வருகிறார். நடனம் சொல்லிக்கொடுப்பவரும் வருகிறார்.

இந்தக் கேள்விக்கு உலகத்தின் ஒரு மூலையிலே கிடைத்திருக்கும் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. 1959 முதல் அது அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலம். 1990-ல் அந்த மாநில சர்க்கார், தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு விட்ட பிறகும் பிள்ளைகளை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை ஆரம்பித்தது. அதற்கு முன்னின்றவர் அப்போது துணை கவர்னராக இருந்த பென் கயெட்டானோ. பிலிப்பைன்ஸ் தீவிலிருந்து பிழைக்க வந்த ஒருவரின் மகன் அவர். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, வீட்டுச் சாவியைக் கழுத்திலே கட்டிக்கொண்டு தெருவில் திரியும் பிள்ளைகளை உத்தேசித்து வந்த ஏற்பாடு அது. வீட்டுப் பாடம் எழுதுவார்கள், விளையாடுவார்கள். பல பள்ளிகளில் ஹுலா ஆட்டமும் கற்றுக்கொள்வார்கள். இது தவிர, ஹுலா ஆசிரியர்கள் தாங்களாகவே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். மாதா கோயில் கூடத்திலும் நடக்கும். கார் நிறுத்தும் கொட்டகையிலும் நடக்கும்.

ஹுலா என்றவுடன் உங்களில் சிலருக்குச் சினிமா ஞாபகம் வரும். புல்லால் செய்த பாவாடை, கழுத்திலே பூமாலை, இடுப்பை அசைக்கும் பெண், தென்னைமரம், பக்கத்தில் கண்ணாடிக் கோப்பையுடன் ஒரு வெள்ளைக்காரத் துரை! அமெரிக்க சினிமாக் கம்பெனிகள் நமக்குக் காட்டிய ஹுலா அது. அந்தப் புல் பாவாடையே ஹவாய் மக்களுடையதல்ல. மரப்பட்டையைத் தட்டிச் செய்த துணியும், 'டீ' என்ற செடியின் பச்சை இலைகளுமே அவர்கள் உடை. காய்ந்த புல் பாவாடை கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்தது. யார் கொண்டு வந்தார்கள்? கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி வரப்பட்ட ஜனங்கள். இந்த ஆட்டத்தின் சரித்திரத்தை எங்கே தோண்டினாலும் கரும்பு தட்டுப்படுகிறது. அதனால்தான் இதை உங்களிடம் பேச எனக்குத் துணிவு வந்தது.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன்.

பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். சட்டென்று உள்ளே ஓடிவிட முடியாது. 'உள்ளே வரலாமா' என்று அனுமதி கேட்கும் ஒரு பழைய பாட்டை உரக்கப் பாட வேண்டும். உள்ளேயிருந்து ஆசிரியர் பதில் பாட்டுப் பாடி அழைத்த பிறகுதான் காலெடுத்து வைக்கலாம். ஆசிரியருக்கு அவர்கள் மொழியில் 'குமு' என்று பெயர். மரத்தின் அடிமரத்துக்கும் அதே சொல்தான்.

பிறகு அடவு. முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி நிற்க வேண்டும். பக்கவாட்டில் நாலு எட்டு வைப்பது 'காஹோலோ'. ஒரு காலை முன்னே நீட்டி எடுப்பது 'ஹேலா'. இடுப்பைச் சுழற்றுவது 'ஆமி'. சின்னப் பிள்ளைகளுக்குத் தொடை வலிக்கும், முணுமுணுப்பார்கள், ஆசிரியர் விடுவதில்லை. கால் தாளத்தைக் காக்கிறது, கை கதையைச் சொல்கிறது. மழையா, மலையா, அலையா, பூவா, எல்லாவற்றுக்கும் கையிலே ஒரு சொல் உண்டு.

ஆசிரியர் தரையில் உட்கார்ந்து ஒரு குடுக்கையைத் தட்டிக்கொண்டே பாடுகிறார். அது என்ன குடுக்கை தெரியுமா? நம் வீட்டுக் கூரையிலே படருகிறதே, அதே சுரைதான். காயை முற்றவிட்டு, காயவைத்து, குடைந்து, இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது. 'இப்பு ஹெக்கே' என்பார்கள். ஆற்றிலே உருண்டு வழவழப்பான கூழாங்கற்களைக் கைக்கு இரண்டாக வைத்துக்கொண்டு சலங்கைபோல் ஒலிப்பதும் உண்டு. ஒரு முனையைக் கீறிவிட்ட மூங்கிலை ஒன்றோடொன்று தட்டி ஆடுவதும் உண்டு. பெரிய மத்தளம் தென்னைமரத் துண்டைக் குடைந்து சுறாமீன் தோல் போர்த்தியது. பல வகுப்புகளில் பிள்ளைகளே தங்கள் குடுக்கையையும் மூங்கிலையும் செய்துகொள்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய வாத்தியத்தைவிட அதை அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வதிலே ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பழைய முறை ஆட்டத்துக்கு 'ஹுலா காஹிகோ' என்று பெயர். குடுக்கையும் மத்தளமும் வாய்ப்பாட்டும் மட்டுமே. புதிய முறைக்கு 'ஹுலா ஔவானா' என்று பெயர். கிதார், உகுலேலே என்ற சின்ன நரம்பு வாத்தியம் எல்லாம் சேரும். வகுப்பில் இரண்டையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழசு உயர்ந்தது, புதுசு மட்டம் என்று பேசுகிற பண்டிதர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. காரணம் சொல்கிறேன்.

1879-ம் வருஷம் ராவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஹொனலூலுவில் வந்து நின்றது. அவர்கள் கொண்டு வந்த சின்ன கிதாரிலிருந்துதான் உகுலேலே பிறந்தது. அதே கப்பலில் வந்த மூன்று தச்சர்கள், தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் பட்டணத்தில் பட்டறை போட்டு அதைச் செய்து விற்றார்கள். 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். வாசிக்கிறவன் விரல்கள் அப்படித் துள்ளும்! ஆக, புதிய ஹுலாவின் நாதமே கூலிக்காரன் மூட்டையில் வந்தது. அதை மட்டம் என்று எப்படிச் சொல்வது? (ஹவாய்த் தீவில் பிறந்த இன்னொரு வாத்தியம், கம்பிமேல் இரும்புத் துண்டை இழைத்து வாசிக்கும் கிதார், நம் நாட்டு சினிமாப் பாட்டுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. பழைய பாட்டுகளில் வழுக்கிக்கொண்டு போகும் அந்த நாதத்தைக் கேட்டிருப்பீர்கள்.)

சரி, தடை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

1820-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து பாதிரிமார் ஹவாய்க்கு வந்து இறங்கினார்கள். அப்போது அங்கே ராஜாக்கள், பிரபுக்கள் ஆட்சி. அது பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். உழுதவன் ஒருவன், உண்டவன் ஒருவன் என்பது அங்கேயும் இருந்தது. பாதிரிமார் முதலில் பிடித்தது அந்த மேல்தட்டைத்தான். மதம் மாறிய ராணி காஹுமானு 1830-ல் பொது இடத்தில் ஹுலா ஆடக் கூடாது என்று கட்டளை போட்டாள். கிராமங்களில் ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

1835-ல் காவாய்த் தீவில் கோலோவா என்ற ஊரில் கரும்புத் தோட்டம் பெரிய அளவில் ஆரம்பமாயிற்று. 1850-ல் வெள்ளைக்காரர்கள் நிலத்தை விலைக்கு வாங்கலாம் என்று சட்டம் வந்தது. அதே வருஷம் இன்னொரு சட்டம்: ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடுகிற கூலியைப் பிடித்து வந்து வேலை வாங்கலாம். பாதிரிமாரின் பிள்ளைகள் சிலர் தோட்ட முதலாளிகள் ஆனார்கள். அப்போது ஹுலாவைப் பற்றி என்ன புகார் எழுந்தது தெரியுமா? ஆபாசம் என்பது ஒன்று. இன்னொன்று, ஜனங்கள் ஆட்டத்திலேயே கிடக்கிறார்கள், வேலைக்கு வருவதில்லை, சோம்பேறி ஆகிறார்கள் என்பது! உழைப்பாளி இரண்டு நாள் கொண்டாட்டத்துக்குப் போனால் முதலாளிக்கு ஒழுக்கத்தின் ஞாபகம் வந்துவிடுகிறது.

1859-ல் சட்டம் போட்டார்கள். காசு வாங்கிப் பொதுவில் ஹுலா ஆடுவதானால் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து டாலர். மீறினால் அபராதம், அல்லது கடுங்காவல். பத்து டாலர் என்றால் எவ்வளவு? 1852-ல் சீனாவிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டு வந்த கூலிகளுக்கு ஒப்பந்தச் சம்பளம் மாதம் மூன்று டாலர். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஆட்டத்துக்கு மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்!

பிறகு கலாகாவா என்ற ராஜா வந்தார். 1883-ல் நடந்த தம் முடிசூட்டு விழாவிலும், 1886-ல் தமது ஐம்பதாம் பிறந்தநாளிலும் எல்லோரும் பார்க்க ஹுலா ஆடச் செய்தார். ராஜா என்பதற்காக நாம் கை தட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஒளிந்து கிடந்த கிழ ஆசிரியர்கள் அன்று வெளியே வந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. வெள்ளைக்காரர் கூட்டம் சும்மா இருக்கவில்லை. முடிசூட்டு விழா ஆட்டங்களின் நிகழ்ச்சி நிரலை அச்சடித்த அச்சகக்காரர்மேல் ஆபாச வழக்குப் போட்டார்கள். ஆட்டத்தை நிறுத்த முடியாவிட்டால் அச்சகத்தின்மேல் பாய்வது! பத்திரிகை நடத்தும் நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

1893 ஜனவரியில், தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து, அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்களின் பலத்தோடு, லிலியுவோகலானி ராணியின் சர்க்காரைக் கவிழ்த்தார்கள். புதிய சர்க்காருக்கு விசுவாசம் தெரிவித்துக் கையெழுத்துப் போட அரண்மனை பாண்டு வாத்தியக்காரர்களை மிரட்டினார்கள். கையெழுத்து இல்லையென்றால் சம்பளம் இல்லை, கல்லைத் தின்னுங்கள் என்ற மாதிரி பேச்சு வந்ததாம். வாத்தியக்காரர்கள் கல்லையே தின்கிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்காக எலன் பிரெண்டர்காஸ்ட் என்ற பெண்மணி எழுதிய பாட்டை 'கல் தின்னும் பாட்டு' என்றே ஜனங்கள் அழைத்தார்கள். வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தவர்களுக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இன்று ஹவாய்ப் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கற்கிறார்கள்.

1896-ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனா மொழி என்று சட்டம் போட்டார்கள். ஹவாய் மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1897-ல் அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஹவாய்ப் பூர்வகுடி மக்களின் தொகையே அப்போது சுமார் நாற்பதாயிரம்தான். வெளியிலிருந்து வந்த வியாதிகள் அவர்களை அப்படிக் குறைத்திருந்தன. மனுவால் கடைசியில் இணைப்பைத் தடுக்க முடியவில்லை. 1898-ல் இணைப்பு முடிந்தது. ஹவாய்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு இளவரசி விட்டுச்சென்ற சொத்தில் நடந்த பள்ளிக்கூடத்திலும் நின்றுகொண்டு ஹுலா ஆட அனுமதி இல்லை. உட்கார்ந்து கையை மட்டும் அசைக்கலாம்! 1960-கள் வரை இந்தக் கூத்து.

ஆனால் முதலாளித்துவம் எதையும் வீணாக்காது. தடை செய்த சரக்கு விலை போகும் என்று தெரிந்ததும் கடையில் வைத்துவிட்டது. 1937-ல் வைக்கீக்கி கடற்கரையில் கோடாக் பிலிம் கம்பெனி ஒரு ஹுலா காட்சியைத் தொடங்கியது. பகலில் நடக்கும். ஏன் பகலில்? வெயில் இருந்தால்தானே உல்லாசப் பயணிகள் படம் எடுக்க முடியும், பிலிம் விற்கும்! 2002 வரை அது நடந்தது. ஆடிய பெண்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாட்டும் ஆட்டமும் தெரிந்தவர்களுக்கு அன்று கிடைத்த கூலி வேலை அது. அதில் ஆடியவர்களில் சிலர் வீட்டிலே பழைய பாட்டைப் பேரப்பிள்ளைகளுக்குக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

இதற்கிடையே தோட்டங்களில் என்ன நடந்தது? சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், கொரியர், பிலிப்பினோக்கள் என்று ஒவ்வொரு தேசமாகக் கொண்டு வந்து, தனித்தனி லயன்களில் வைத்து, ஒருவன் வேலைநிறுத்தம் செய்தால் மற்றவனைக் கொண்டு உடைத்தார்கள். கூலிக்குப் பெயர் கிடையாது. கழுத்தில் தொங்கும் உலோக வில்லையில் ஒரு எண். நம் ஜனங்களைப் பீஜிக்கும் நேட்டாலுக்கும் கொண்டுபோன அதே கரும்பு, அதே ஒப்பந்தம். பீஜித் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினார் என்பது உங்களுக்குத் தெரியும். 1924-ல் ஹானாபேப்பே என்ற ஊரில் பிலிப்பினோத் தொழிலாளர் பதினாறு பேர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். போலீசார் நாலு பேரும் மாண்டார்கள். ஆனால் 1946-ல் எல்லா இனத்தாரும் ஒரே சங்கத்தில் நின்றார்கள். ஏறத்தாழ 26,000 கரும்புத் தொழிலாளர், 79 நாள் வேலைநிறுத்தம், வெற்றி! அந்தச் சங்கத்தின் தலைவர் ஜாக் ஹால் உள்ளிட்ட ஏழு பேரைக் கம்யூனிஸ்டுகள் என்று கைது செய்து 1953-ல் தண்டனை விதித்தார்கள். 1958-ல் அப்பீலில் அது செல்லாமல் போயிற்று.

இன்று மாலை ஹுலா வகுப்பில் வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் ஹவாய்ப் பெயர், ஜப்பான் பெயர், பிலிப்பினோப் பெயர், போர்ச்சுகீசியப் பெயர் எல்லாம் வரும். தனித்தனி லயன்களில் பிரித்து வைக்கப்பட்டவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் ஒரே சுரைக்குடுக்கையின் தாளத்துக்குக் காலெடுத்து வைக்கிறார்கள்.

மொழியின் கதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1980-களின் ஆரம்பத்தில், அம்மொழியை வீட்டில் பேசி வளர்ந்த பிள்ளைகள் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள். ஆனால் 1960-களிலும் 70-களிலும் ஜனங்களிடையே ஒரு எழுச்சி வந்திருந்தது. 1971-ல் ஹிலோ நகரத்தில் ஹுலாப் போட்டி தொடங்கியது. 1978-ல் ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு ஆட்சிமொழி ஆயிற்று. பள்ளிகளில் ஹவாய்ப் பண்பாட்டையும் சரித்திரத்தையும் கற்பிக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். 1984-ல் தாய்மொழியிலேயே நடக்கும் முதல் குழந்தைப் பள்ளி திறந்தது. அதுவரை மொழியின் மிச்சத்தைப் பிடித்து வைத்திருந்தவற்றில் ஹுலாவும் ஒன்று. ஏனென்றால் பாட்டின் சொல் புரியாமல் ஹுலா ஆட முடியாது. ஆடினால் அது வெறும் தேகப்பயிற்சி.

அந்தப் பாட்டுகளில் என்ன இருக்கிறது? ஊர்ப் பெயர், காற்றின் பெயர், மழையின் பெயர். ஆம், மழைக்குப் பெயர்! ஊருக்கு ஊர் பெய்கிற மழைக்கு அவர்கள் வைத்த பெயர்கள் இருநூறுக்கு மேல் தொகுக்கப்பட்டிருக்கின்றன. மண்ணிலே வேலை செய்கிறவன்தான் மழையை இப்படிப் பார்த்திருப்பான். மௌயித் தீவில் லஹைனா என்ற ஊரைப் பாட்டிலே ஈரப்பலா மரங்களின் நிழல் என்று சொல்கிறார்கள். அந்த நிழல் எங்கே? கரும்புத் தோட்டக் கம்பெனி ஓடைகளைத் திருப்பிக்கொண்டது. பிறகு கரும்பில் லாபம் இல்லையென்று ஆலையையும் 1999-ல் மூடியது. தரிசாய்க் கிடந்த நிலத்தில் காய்ந்த புல் மண்டியது. 2023 ஆகஸ்டில் வந்த தீயில் ஊர் எரிந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பிள்ளைகள் கையை விரித்து மரநிழலைக் காட்டும்போது, தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

2019-ல் மௌனா கேயா என்ற மலையில் பெரிய தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்துச் சாலையை மறித்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட கிழவர் கிழவிகள் கைதானார்கள். அந்தப் போராட்ட முகாமில் தினமும் பாட்டும் ஹுலாவும் நடந்தன, பிள்ளைகளும் ஆடினார்கள். அந்தத் திட்டத்தில் நம் இந்தியாவும் ஒரு பங்காளி என்பதை இங்கே சொல்ல வேண்டும். நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. நட்சத்திரத்தைப் பார்க்கட்டும், மலைக்கு உரியவர்களைக் கேட்டுவிட்டுப் பார்க்கட்டும்.

கடைசிக் கரும்பாலையும் 2016-ல் மூடிவிட்டது. கரும்பு வெட்டியவர்களின் சந்ததி இன்று ஹோட்டல்களில் படுக்கை விரிக்கிறது. 2018-ல் அந்த ஹோட்டல் தொழிலாளர்கள் சுமார் 2,700 பேர் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை என்ன? 'ஒரு வேலையே போதுமானதாக இருக்க வேண்டும்.' பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு வேலை பார்த்தால்தான் வாடகை கொடுக்க முடிகிறது. வாடகை தாங்காமல் ஊரை விட்டே போகிறவர்கள் அநேகம். 2020 ஜனத்தொகைக் கணக்கில், அமெரிக்காவில் உள்ள ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கு மேல் ஹவாய்க்கு வெளியே வசிப்பதாகத் தெரிந்தது. பாலைவன நகரமான லாஸ் வேகாஸிலும் மாலை ஹுலா வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் தாங்கள் நனைந்தறியாத மழையின் பெயரை அங்கே படிக்கிறார்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாயார் என்னைக் கேட்டார்: ஆண் பிள்ளைகளும் ஆடுவார்களா, இல்லை பெண்ணுக்கு மட்டும்தானா? ஆடுவார்கள், அம்மா. பழைய நாளில் கோயில் ஆட்டத்திலும் சபை ஆட்டத்திலும் ஆண்கள் இருந்தார்கள். உல்லாசப் பயணிகளுக்குப் பெண்ணின் இடுப்புதான் தேவைப்பட்டது. ஆண்களின் ஆட்டம் மங்கிப்போயிற்று. 1975-ல் ராபர்ட் கசிமெரோ என்ற பாடகர் ஆண்களுக்கென்றே ஒரு ஹுலாப் பள்ளி ஆரம்பித்தார். அடுத்த வருஷமே ஹிலோ போட்டியில் ஆண்களுக்குத் தனிப் பிரிவு வந்தது. இப்போது மாலை வகுப்புகளில் ஏழெட்டு வயதுப் பையன்களும் முன்வரிசையில் நிற்கிறார்கள். தரையை ஓங்கி மிதிக்கிற அடவுகள் என்றால் அவர்களுக்குத் தனி உற்சாகமாம்.